சோதனை கூடினால் பாதுகாப்பு கூடுமா? செவ்வாய்ப்பேட்டை வணிகர் ஒருவருக்குப் பதில்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் முகமறியும் கேமரா பொருத்த வணிகர்களிடம் பணம் திரட்டுகிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகன் "கொடுக்காதீர்கள், இது அந்தரங்க உரிமைக்கு எதிரானது" என்கிறான். எனக்கோ கோவை குண்டுவெடிப்புதான் நினைவுக்கு வருகிறது. தவறு செய்யாதவனுக்கு என்ன பயம்? கொஞ்சம் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்தால் உயிர் மிஞ்சுமே?

பதில்:

உங்கள் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் 58 உயிர்கள் போயின. 200 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். அதன் பிறகு சேலத்திலும் பஸ்ஸில் கேட்பாரற்றுப் பை ஒன்று கிடந்தால் வண்டியை ஓரங்கட்டி எல்லோரும் இறங்கிவிடுவோம். அந்தக் காலத்தைக் கடந்து வந்தவரிடம் "உரிமைதான் முக்கியம், உயிர் பிறகு" என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்லப் போவதில்லை. சேலம் நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞனாக நான் கேட்பது ஒன்றே ஒன்று. நீங்கள் விட்டுக்கொடுக்கும் சுதந்திரத்துக்கு ஈடாகப் பாதுகாப்பு உண்மையிலேயே வந்து சேர்கிறதா? நான் பார்த்தவரை, பெரும்பாலும் வந்து சேர்வது பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற எண்ணம் மட்டுமே.

நம் ஊரிலிருந்தே ஒரு சம்பவம். 2016 ஆகஸ்ட் 8 இரவு சேலத்திலிருந்து எழும்பூர் சென்ற விரைவு ரயிலில், வங்கிகள் திருப்பி அனுப்பிய பழைய நோட்டுகள் 342 கோடி ரூபாய் ரிசர்வ் வங்கிக்குப் போயின. பூட்டி முத்திரையிட்ட பெட்டி. கூடவே ஆயுதப் போலீஸ் காவல். மறுநாள் எழும்பூரில் திறந்து பார்த்தால் கூரையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை, 5.78 கோடி ரூபாயைக் காணவில்லை. காவலர்கள் அத்தனை பேரும் கதவைக் காத்தார்கள், திருடர்கள் கூரை வழியே இறங்கினார்கள். அப்போது விருத்தாசலம் பாதை மின்மயமாகவில்லை. தலைக்கு மேல் மின்கம்பி இல்லாததால் ரயில் கூரையில் உட்கார்ந்து போகலாம் என்பதை அந்தக் கும்பல் முன்கூட்டியே நோட்டம் பார்த்து வைத்திருந்தது. 2018-இல் சி.பி.சி.ஐ.டி. போலீசார் மத்தியப் பிரதேசத்துக் கும்பலைப் பிடித்தார்கள். துப்பாக்கியும் பூட்டும் உதவாத இடத்தில், பாதையோரக் கோபுரங்களில் பதிவான செல்போன் எண்களை மாதக்கணக்கில் சலித்தெடுத்த பொறுமை உதவியது.

இது திருட்டுதானே, பயங்கரவாதத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். 2008 நவம்பர் 26 அன்று மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் உலோகம் கண்டறியும் வாசல்கள் இருந்தன. இரண்டு பேர் தானியங்கித் துப்பாக்கிகளைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அந்த நிலையத்தில் மட்டும் 58 பேர் இறந்தார்கள். கடல்வழியாகத் தாக்குதல் வரலாம் என்ற உளவுத் தகவல்கள் முன்பே கிடைத்திருந்தன. அவை சேர வேண்டிய இடத்தில் சேர்ந்து செயலாகவில்லை. அன்றிரவு அந்த இருவரில் ஒருவனான கசாப்பை உயிரோடு பிடிக்க முடிந்ததற்குக் காரணம் துகாராம் ஓம்ப்ளே என்ற உதவி சப்-இன்ஸ்பெக்டர். கையில் லத்தி மட்டும் வைத்திருந்த அவர், துப்பாக்கிக் குழலைப் பற்றிக்கொண்டு விடாமல் உயிரைக் கொடுத்தார். அவரைப் போன்றவர்களுக்குக் குண்டு துளைக்காத கவசமும் நல்ல பயிற்சியும் தருவதைவிட வாசல்களில் கருவி நிறுத்துவது எளிது, கண்ணுக்கும் தெரியும்.

தீபாவளி நேரத்தில் ஏதாவது ஒரு பெரிய துணிக்கடை வாசலில் சற்று நின்று கவனியுங்கள். உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் கருவி கூவுகிறது. சாவிக்கொத்து, செல்போன், எவர்சில்வர் டிபன் பாக்ஸ் எதற்கும் கூவும். காவலாளி நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் நிறுத்தினால் வரிசை அடுத்த தெரு வரை போகும். கைக்கருவியால் முதுகில் ஒரு தடவு தடவி அனுப்பிவிடுகிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாள் முழுவதும் நின்றபடி வேலை, சொற்பச் சம்பளம், சத்தம் வந்தால் அடுத்து என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் கூவுகிற கருவி யாருக்குமே கூவாத கருவிக்குச் சமம். போதாக்குறைக்கு, கூட்டத்தைக் கொல்ல வருகிறவனுக்கு அந்த வாசல் வரிசையே போதும், அவன் உள்ளே போகவே தேவையில்லை.

பணக்கார நாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்க விமான நிலையங்களில் அரசின் தணிக்கையாளர்களே மாறுவேடத்தில் போலி வெடிபொருளோடும் ஆயுதங்களோடும் போய்ச் சோதித்தார்கள். 70 முயற்சிகளில் 67-இல் பிடிபடாமல் உள்ளே போனார்கள் என்பது 2015-இல் வெளிவந்தது. காலணியைக் கழற்ற வைத்து, தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி, கோடிக்கணக்கான பயணிகளை வரிசையில் நிறுத்திய பிறகு கிடைத்த பலன் இது. புரூஸ் ஷ்னையர் என்ற பாதுகாப்பு வல்லுநர் நெடுங்காலமாகச் சொல்லி வருவது எனக்குச் சரியாகப் படுகிறது: 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமானப் பயணத்தைப் பாதுகாப்பாக்கியவை இரண்டே. விமானி அறைக் கதவை உடைக்க முடியாதபடி பலப்படுத்தியது ஒன்று. கடத்தல்காரனை எதிர்த்துப் போராட வேண்டும் என்று பயணிகள் தெரிந்துகொண்டது மற்றொன்று. இரண்டுக்குமே யாருடைய உரிமையையும் பறிக்க வேண்டியிருக்கவில்லை.

இனி முகமறியும் கேமராவுக்கு வருகிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து லட்சம் பேர் நடமாடும் ஊர், அவர்களில் உண்மையான ஆபத்தானவர்கள் பத்து பேர் என்று வைத்துக்கொள்வோம். கேமரா நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகச் சொல்லும் என்றும் தாராளமாக ஒப்புக்கொள்வோம். அந்தப் பத்து பேரும் அனேகமாகச் சிக்குவார்கள். கூடவே, மீதி மக்களில் நூற்றுக்கு ஒருவர் வீதம் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் தவறாகச் சிக்குவார்கள். கருவி காட்டிய ஆயிரம் பேரைத் தேடிப் பிடித்து விசாரித்தால் அதில் ஒருவர்தான் நிஜம். எந்தக் காவல் நிலையத்தில் அவ்வளவு ஆள்பலம் இருக்கிறது? நாளடைவில் துணிக்கடைக் காவலாளி செய்வதையே காவல் நிலையமும் செய்யும்: சத்தத்தைக் காதில் வாங்கிக்கொள்ளாது. அல்லது, காட்டப்பட்டவர்களில் ஏழையாகவும் ஆதரவற்றவராகவும் தெரிகிறவரை மட்டும் அழைத்துப் போகும். எனக்கு இரண்டாவதுதான் அதிக பயம். விற்பனையாளர் "99 சதவீதத் துல்லியம்" என்று காகிதம் நீட்டும்போது இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

போதாததற்கு, சேர்த்து வைத்த தகவலையும் காக்க வேண்டும். தமிழ்நாடு காவல்துறை 2021-இல் முகமறிதல் மென்பொருளைக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் அந்தத் தளத்திலேயே அத்துமீறி நுழைந்து தகவல்களை எடுத்தார்கள். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் முகத்தை என்ன செய்வீர்கள்?

பயம் நம் கண்ணை எந்தப் பக்கம் திருப்புகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் 2022-இல் மட்டும் 17,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரி முன்னால் போகும் வண்டிகளை வரிசையாக இடித்துத் தள்ளுவது நமக்குப் பழகிப்போன செய்தி. அந்த இறக்கத்தில் நாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறோம். 2001 தாக்குதலுக்குப் பிறகு விமானத்துக்குப் பயந்து அமெரிக்கர்கள் பலர் காரில் போகத் தொடங்கினார்கள். அதனால் அடுத்த ஓராண்டில் ஏறக்குறைய 1,500 பேர் கூடுதலாகச் சாலையில் இறந்தார்கள் என்று கெர்ட் கிகரென்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் கணக்கிட்டார். தாக்குதல் நடத்தியவர்கள் தொடாத உயிர்களைப் பயம் எடுத்துக்கொண்டது.

"தவறு செய்யாதவனுக்கு என்ன பயம்" என்று கேட்டிருக்கிறீர்கள். என் தொழிலில் அதிகம் காதில் விழும் கேள்வி இது. கேட்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அதனால்தான் பொறுமையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அந்தப் பத்தொன்பது பேரும் தூக்குக் கயிற்றுக்கு எவ்வளவு அருகில் நின்றார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சாதாரணச் சட்டத்தில் போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலம் சாட்சியாகாது. தடா அதைச் சாட்சியாக்கியது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே, குண்டுக்குப் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட பேட்டரியை வாங்கிக் கொடுத்தபோது அது எதற்கென்று தெரியாது என அவர் சொன்ன பகுதியைத் தாம் விட்டுவிட்டதாக 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது 2022 மே 18 அன்று, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. தடாவில் நாடு முழுவதும் கைதானவர்கள் 76,000 பேருக்கு மேல். தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

தடா போனது, அதே வகையான பொடா சட்டம் வந்தது. அதை ஆதரித்த கூட்டணியில் இருந்த வைகோவே 2002 ஜூலையில், திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக அதே சட்டத்தில் கைதாகி ஒன்றரை ஆண்டுக்கு மேல் வேலூர் சிறையில் இருந்தார். சட்டத்தை எழுதும்போது மனத்தில் இருக்கும் எதிரி ஒருவன். சட்டம் போய்ப் பிடிக்கும் ஆள் வேறு ஒருவன். இப்போது இருக்கும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் 2019 வரை கைதானவர்கள் 5,922 பேர், தண்டிக்கப்பட்டவர்கள் 132 பேர் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. நிலுவையில் உள்ள வழக்குகளும் இதில் உண்டு என்பதை நியாயமாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் ஜாமீன் ஏறக்குறைய கிடைக்காத சட்டத்தில் நிலுவை என்றாலே சிறைவாசம்தான்.

நம் ஊரில் 2017-இல் பெரியார் பல்கலைக்கழக மாணவி ஒருவர் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகத் துண்டறிக்கை கொடுத்ததற்காகக் குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார். சென்னை உயர் நீதிமன்றம் செப்டம்பரில் அந்த ஆணையை ரத்து செய்தது. இந்தச் சட்டத்தைப் பற்றி, தினமும் அதோடு புழங்குகிறவனாக, ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஓராண்டு வரை விசாரணையின்றி அடைத்து வைக்கலாம். ஆணையோடு ஆவணக் கட்டு ஒன்றை அடைக்கப்பட்டவருக்குக் கொடுப்பார்கள். உயர் நீதிமன்றத்தில் நாங்கள் ஆட்கொணர்வு மனு போட்டு, இந்தப் பக்கம் படிக்க முடியாத நகல், இந்த ஆவணத்துக்குத் தமிழாக்கம் தரவில்லை, கைதியின் முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதித்தார்கள் என்று காட்டுவோம். ஆணை ரத்தாகும். அதற்குள் பல மாதங்கள் ஓடியிருக்கும்.

இதில் யாருக்கு என்ன லாபம்? குற்றமற்றவர் அந்த மாதங்களைத் திரும்பப் பெறப் போவதில்லை. குற்றவாளியோ மங்கலான நகல் ஒன்றின் தயவில் வெளியே வந்துவிடுகிறார். அவர்மேல் இருந்த மூல வழக்கில் சாட்சி சேகரித்து, விசாரணையை முடித்துத் தண்டனை வாங்கித் தந்திருந்தால் அவர் உள்ளேயே இருப்பார். ஆள்தான் உள்ளே இருக்கிறாரே என்ற நிம்மதியில் அந்த வழக்கு தூங்கிப்போயிருக்கும். சுலபமான சட்டம் விசாரிக்கும் திறமையைத் துருப்பிடிக்க வைக்கிறது. கடும் சட்டங்களுக்கு எதிராக நான் வைக்கும் முதல் வாதம் உரிமை பற்றியதல்ல, இதுதான்.

வீரப்பன் விவகாரத்தைப் போல இதைத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. மேட்டூரும் கொளத்தூரும் நம் மாவட்டம். அவன் கொடியவன், 1993 ஏப்ரலில் பாலாறு அருகே கண்ணிவெடியில் மட்டும் 22 பேர் இறந்தார்கள். அவனைத் தேடுகிறோம் என்ற பெயரில் இரு மாநில அதிரடிப்படைகளும் மலைக் கிராமங்களை என்ன பாடுபடுத்தின என்பதை, தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழுவின் முன் பாதிக்கப்பட்டவர்களே வந்து சொன்னார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் தடாவில் மைசூர் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். 2001-இல் தீர்ப்பு வந்தபோது பெரும்பாலோர் நிரபராதிகள். சந்தன மரக் கடத்தலைத் தடுக்கிறோம் என்று 1992 ஜூன் 20 அன்று அரூர் பக்கம் வாச்சாத்திக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நுழைந்தன. அங்கே 18 பெண்களுக்கு நடந்ததை இங்கே எழுத என் கை கூசுகிறது. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என 2011-இல் தீர்ப்பு வந்தது; 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இத்தனை கொடுமையாலும் வீரப்பன் அகப்பட்டானா? இல்லை. போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டிய மலைவாசிகள் போலீசைக் கண்டால் காட்டுக்குள் ஓடினார்கள். கடைசியில், 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே, சேலத்து மருத்துவமனை ஒன்றின் பெயர் எழுதிய ஆம்புலன்சில்தான் அவன் கதை முடிந்தது. பல மாதங்கள் பொறுமையாக உளவாளிகளை அவன் கூட்டத்துக்குள் நுழைத்து, கண் சிகிச்சைக்கு என்று வெளியே வரவழைத்தார்கள். அந்த இறுதி நிமிடங்களைப் பற்றியும் மனித உரிமை அமைப்புகள் கேள்வி எழுப்பின. அந்தக் கேள்விகளையும் நான் மதிக்கிறேன். ஆனால் காட்டிலிருந்து அவனை வெளியே கொண்டுவந்தது ஊரையே சந்தேகித்த அடக்குமுறை அல்ல, ஒருவனைக் குறிவைத்த உளவு வேலை.

சுதந்திரமும் பாதுகாப்பும் தராசின் இரண்டு தட்டுகள், ஒன்று தாழ்ந்தால் மற்றது உயரும் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தத் தராசில் நம்பிக்கை இல்லை. எந்தத் தாக்குதலையும் முன்கூட்டித் தடுப்பது தகவல். தகவல் மக்களிடமிருந்து வருகிறது, காவல் நிலையத்துக்குள் போனால் மரியாதையோடு திரும்பலாம் என்று நம்புகிற மக்களிடமிருந்து. ஒரு தெருவையோ ஒரு மதத்தவரையோ முழுவதுமாகச் சந்தேக வளையத்துக்குள் வைத்தால் முதலில் வாயை மூடிக்கொள்பவர்கள், தம் பக்கத்து வீட்டுப் பையன் தவறான வழியில் போவதைக் கண்ட பெரியவர்கள்தான். கோவை வழக்கில் கேரள அரசியல்வாதி அப்துல் நாசர் மதானி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று 2007-இல் விடுதலையானார். அந்த ஒன்பது ஆண்டுகள் எத்தனை வீடுகளில் எத்தனை வாய்களை அடைத்திருக்கும் என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை.

கண்ணுக்குத் தெரியும் காவல் எல்லாமே வீண் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தில் சீருடை தெரிந்தால் பெண்கள் தைரியமாக வருகிறார்கள். பஸ் நிலையத்தில் விளக்கு எரிந்தால் இரவு வேலை முடிந்து வருகிறவர்களுக்கு நிம்மதி. நிம்மதிக்கும் மதிப்பு உண்டு. அச்சத்தில் ஊர் முடங்கிப்போவதுதான் குண்டு வைப்பவன் விரும்புவது. யாரையும் பறிகொடுக்காமல் கிடைக்கும் நிம்மதியை இரு கை நீட்டி வாங்கிக்கொள்ளலாம். வேறொருவனின் விசாரணையற்ற சிறைவாசத்தை விலையாகக் கேட்கும் நிம்மதியைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கேமராவும் அப்படியே, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. 2020-இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் கேமரா இருந்தது. ஆனால் பதிவு நாள்தோறும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது என்பதை விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். காவலில் அடிபட்டு இறந்த தந்தையும் மகனும் அந்த இரவு பட்டதற்குக் காட்சி இல்லாமல் போனது. அதே ஆண்டு டிசம்பரில் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை மாதக்கணக்கில் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆகவே உங்கள் தெரு விஷயத்தில் என் ஆலோசனை இது. சாதாரணக் கேமராவுக்குப் பணம் கொடுங்கள். பூட்டு உடைத்தவனையும் மோதிவிட்டு ஓடிய வண்டியையும் கண்டுபிடிக்க அது நிச்சயம் உதவும். நானே பல வழக்குகளில் அந்தப் பதிவை நம்பி வாதாடியிருக்கிறேன், எதிர்த்தும் வாதாடியிருக்கிறேன். முகமறிதல் வசதி வேண்டாம் என்று சொல்லுங்கள். பதிவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், கடவுச்சொல் யார் கையில் இருக்கும், போலீஸ் கேட்டால் எழுத்து மூலமாகக் கேட்க வேண்டுமா என்பதையெல்லாம் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். மிஞ்சும் பணத்தில் தெருவிளக்கைச் சரி செய்யுங்கள். சரக்கு இறக்கும் லாரிகளால் அடைபட்டுக் கிடக்கும் அந்தத் தெருவுக்குள் தீயணைப்பு வண்டி நுழைய ஒரு வழி ஒதுக்கிக் கோடு போடுங்கள்.

ஏற்கெனவே பொருத்திவிட்டார்கள், அதை வைத்து உங்கள் கடைப் பையன் யாரையாவது தவறாக அழைத்துப் போய்விட்டார்கள் என்றால் தயங்காதீர்கள். கைதுக்கான காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும். 15100 என்ற எண்ணை அழைத்தால் போதும். அந்த எண்ணைக் கல்லாப்பெட்டி மேல் எழுதி ஒட்டி வையுங்கள்.